மாத்திரைத் தூக்கமும் சின்னப் பிள்ளைகளும்

நான் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். காலையில் லெவெடிரசெட்டம், இரவில் அதோடு குளோபாஸம். வீட்டில் எல்.கே.ஜி. போகிற மகள், ஒன்றரை வயது மகன். அவளைப் பாப்பா என்றும் அவனைத் தம்பி என்றும் கூப்பிடுவோம். கணவருக்குக் கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மாமியார் வாரத்தில் பாதி நாள் எங்களோடு, மீதி நாள் நாத்தனார் வீட்டில். ஆக, பல நாள் காலை எட்டரைக்கு மேல் வீட்டில் நானும் தம்பியும் மட்டும்தான். காலை மாத்திரையின் தூக்கம் கண்ணை இழுப்பதும் அந்த நேரத்தில்தான்.

வலிப்பு மாத்திரை மட்டும் இப்படிச் செய்வதில்லை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரிகாபலின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், பிரசவத்துக்குப் பின் மனநலம் குலைந்தவர்களுக்குக் கொடுக்கும் குவெடியாபின், ஒலான்சபின், மிர்டசபின் எல்லாமே தூக்கம் தரக்கூடியவை. எந்த மாத்திரையாக இருந்தாலும் வீட்டுக்குள் செய்ய வேண்டிய ஏற்பாடு கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் நான் செய்து வைத்திருப்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தூக்கம் வருகிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாக உடைத்தும் போடாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் அடுத்தடுத்து ஓயாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனநல மாத்திரையை விட்டால் நோய் திரும்பக்கூடும். அடுத்தது, தூக்கத்தைப் பல்லைக் கடித்து எதிர்த்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டிவிடும் காரணங்களில் முக்கியமானது. நமக்குத் தூக்கமும் வைத்தியத்தில் ஒரு பங்கு. "பகல்ல தூங்குறா பாரு" என்று யாராவது சொன்னால், டாக்டர் சொல்லித்தான் தூங்குகிறேன் என்று நேராகச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கடிகாரத்தைப் பிடியுங்கள்

தூக்கம் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. அது ஏறும், இறங்கும். எப்போது ஏறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. லெவெடிரசெட்டம் விழுங்கிய ஒரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் உச்சத்துக்குப் போய்விடும். அப்புறம் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். எனக்கு ஏழு மணிக்குப் போட்டால் எட்டிலிருந்து பத்துவரை தலை கனக்கும். பதினொன்றுக்குத் தெளிந்துவிடும். குளோபாஸம் வேறு மாதிரி. அது பாதியாகக் குறையவே சுமார் ஒன்றரை நாள் ஆகும். அதனால் இரவில் போட்டாலும் மறுநாள் காலையில் அதன் மந்தம் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

சமையலறைச் சுவரில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. அதில் தேதிக் கட்டத்துக்குள்ளேயே மூன்று விஷயம் எழுதுவேன்: மாத்திரை போட்ட நேரம், கண் செருகிய நேரம், இரவில் எத்தனை தடவை எழுந்தேன் என்பது. தனி நோட்டு வேண்டாம், அதைத் தேடுவதற்குள் மறந்துவிடும். காலண்டரில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், அது போதும். இரண்டு வாரம் எழுதினாலே ஒரு ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். புதிதாக மாத்திரை தொடங்கியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். லெவெடிரசெட்டம் தரும் தூக்கம் முதல் நான்கு வாரத்தில்தான் அதிகமாக வரும். பலருக்கு அதற்குப் பிறகு தணியும். தணிகிறதா இல்லையா என்பதைக் காலண்டர் சொல்லிவிடும்.

டாக்டரிடம் என்ன சொல்வது

நரம்பு டாக்டரிடம் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "தூக்கமா வருது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் "மாத்திரைன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்ற பதிலோடு முடிந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "காலை ஏழு மணிக்கு மாத்திரை. எட்டரைக்கு நின்றுகொண்டே கண் செருகுது. அந்த நேரத்துல ஒன்றரை வயசுப் பையனோட நான் தனியா இருக்கேன். வாரத்துல நாலு நாள் இப்படி ஆகுது." காலண்டரைக் கழற்றி அப்படியே கொண்டுபோய்க் காட்டலாம், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். குழந்தையோடு தனியாக இருக்கிறேன் என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டதும்தான் என் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் இவற்றைக் கேளுங்கள். ராத்திரிக்கு அதிகமாகவும் காலையில் குறைவாகவும் பிரிக்க முடியுமா? இரண்டு வேளையாகப் பிரித்த மாத்திரையை இரவுக்கே மாற்றலாமா? நாளுக்கு ஒரு வேளை மட்டும் போடும், மெதுவாகக் கரையும் எக்ஸ்.ஆர். வகை எனக்குச் சரிவருமா? அளவை இன்னும் மெதுவாக ஏற்றலாமா? எனக்குக் குளோபாஸத்தை முழுக்க இரவுக்கு மாற்றியதும், லெவெடிரசெட்டத்தில் காலைப் பங்கைக் குறைத்து இரவுப் பங்கைக் கூட்டியதும் நல்ல வித்தியாசம் காட்டின. இது என் உடம்புக்கு என் டாக்டர் செய்தது, நீங்கள் அப்படியே எடுத்துச் செய்யக் கூடாது. இன்னொன்று, அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று போட்டிருக்கும் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

எல்லாத் தூக்கத்தையும் மாத்திரையின் மேல் போட்டுவிடவும் வேண்டாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிள்ளை பெற்று, பால் கொடுத்து, மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறவர்கள் நாம். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் சோடியம் அளவையும் பார்க்க வேண்டும். அது இறங்கினாலும் மந்தமும் குழப்பமும் வரும்.

மாத்திரைக்கு முன், மாத்திரைக்குப் பின்

என் வீட்டு வேலையை நான் பிரிப்பது இப்படித்தான். தீ, தண்ணீர், கத்தி, மாடிப்படி சம்பந்தப்பட்ட எல்லாம் மாத்திரைக்கு முன். ஐந்தரைக்கு எழுந்து சாதம், குழம்பு, பாப்பாவின் டிபன் பாக்ஸ் மூன்றையும் முடித்துவிடுவேன். ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டு மாத்திரை. அதற்கு முன்பே அடுப்பை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடிவிடுவேன். அதன் பிறகு பதினொன்றுவரை அடுப்புப் பக்கமே போவதில்லை. தம்பியின் பால் ஃபிளாஸ்கில் இருக்கும். மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தால் பதினொன்றரைக்குச் சூடு செய்துகொள்ளலாம்.

குளிப்பாட்டுவது பதினொன்றரைக்கு, அல்லது கணவர் வீட்டில் இருக்கும் நேரத்தில். காலையிலேயே குளிப்பாட்டிப் பொட்டு வைத்துவிட வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. அவர் இருக்கும் நாளில் அவரே செய்வார். இல்லாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். குளிப்பாட்டும்போது தரையில் உட்காரவைத்து மக்கில் மொண்டு ஊற்றுவேன். டப்பில் தண்ணீர் நிரப்பி அதில் உட்காரவைப்பதே இல்லை. வலிப்பு உள்ள அம்மாக்களுக்கு இது கண்டிப்பான விதி.

ஸ்கூட்டி வேண்டவே வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமமே சிக்கல். உரிமத்துக்கான படிவம் 1-லேயே அந்தக் கேள்வி இருக்கிறது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கண் செருகும் நேரத்தில் பிள்ளையை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு வண்டி எடுக்காதீர்கள். பாப்பாவைப் பள்ளி வேனில் அனுப்புகிறோம். மாதச் செலவு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இதில் மிச்சம் பிடிக்க நான் தயாராக இல்லை.

ஒரு அறை

எட்டிலிருந்து பத்துவரை நானும் தம்பியும் முன்னறையில் மட்டும்தான் இருப்போம். பத்துக்குப் பத்து அறை. அதில் கட்டில், ஸ்டூல், மேசை, தொங்கும் ஒயர் எதுவும் கிடையாது. டி.வி. சுவரில். பிளக் பாயின்ட்டுகளுக்கு மூடி. அயர்ன் பாக்ஸ், கொசுவத்தி, காசு டப்பா எல்லாம் உள்ளறையில். தரையில் பாய், அதன் மேல் பழைய ஜமுக்காளம். வாசல் கதவைச் சாவி போட்டுப் பூட்டிவிடுவேன். உள்ளே போகும் கதவுக்கு உயரத்தில் கொண்டி வைத்திருக்கிறோம். ஒரு ஆசாரி அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார்.

நான் உட்காருவது உள்கதவில் முதுகைச் சாய்த்து. இது ரொம்ப உதவியான விஷயம். கண் அசந்தாலும் தம்பி உள்ளே போக வேண்டுமென்றால் என்னைத் தள்ளித்தான் போக வேண்டும், தள்ளினால் எழுந்துவிடுவேன். இன்னொன்று, கொலுசு. தம்பிக்கும் முத்து வைத்த கொலுசு போட்டிருக்கிறேன். ஆண் பிள்ளைக்கு இன்னும் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவன் ஓடினால் ஒரு சத்தம், உட்கார்ந்து விளையாடினால் வேறு சத்தம். சத்தமே இல்லையென்றால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை கொலுசின் ஒவ்வொரு முத்தையும் நகத்தால் இழுத்துப் பார்ப்பேன். கழன்று வாய்க்குள் போய்விடக் கூடாது.

இந்த ஏற்பாடெல்லாம் தப்பித்தவறிக் கண் அசந்தால் காப்பதற்குத்தான். இதை நம்பிப் படுத்துத் தூங்கிவிடக் கூடாது. அன்றைக்கு நிஜமாகவே தாங்க முடியவில்லை என்றால் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அதற்குக் கீழே வருகிறேன்.

தூளி கட்டும் வீடாக இருந்தால் ஒரு கவனம். குழந்தை இல்லாத நேரத்தில் சேலையைச் சுருட்டி உயரத்தில் கட்டிவிடுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் தொங்கி விளையாடும்போது கழுத்து சுற்றிக்கொள்ளும். அம்மா அசந்திருக்கும் வீட்டில் இந்தப் பயம் இரட்டிப்பு.

தண்ணீரும் மாத்திரை டப்பாவும்

நடக்கப் பழகிய குழந்தைக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் வராது. ஓரிரு அங்குலத் தண்ணீரே போதும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது, அதனால் டிரம் இல்லாமல் வாழ முடியாது. மூடி போட்டு, அதன் மேல் சைக்கிள் டியூபை இழுத்து மாட்டிவிடுகிறோம். பக்கெட்டெல்லாம் காலியாகக் கவிழ்த்து வைக்கிறோம். பாத்ரூம் கதவை வெளியே கொண்டி போட்டே வைக்க வேண்டும். தொட்டி உள்ள வீடுகள் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள்.

மாத்திரை டப்பா: பூட்டு வைத்த பழைய எவர்சில்வர் டிபன் பெட்டி, பரண் மேல். தலையணைக்கு அடியில், ஃப்ரிட்ஜ் மேல், ஹேண்ட்பேகில் என்று எங்கும் ஒரு அட்டைகூட இருக்கக் கூடாது. பிள்ளைக்கு எதிரில் மாத்திரை போடுவதைக் கூடியவரை தவிர்க்கிறேன். "மிட்டாய்" என்று அதைச் சொல்வதே இல்லை. பிள்ளை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாய்க்குள் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் தூங்கும்போது குழந்தையும் தூங்கட்டும் என்று சளி சிரப் ஒரு மூடி கொடுக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். சளி சிரப்புகளில் பரவலாக இருக்கும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது.

நமக்கும் இதே எச்சரிக்கைதான். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, அரிப்புக்குப் போடும் அவில், பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கப் போடும் அவோமின் எல்லாமே தூக்கம் தருபவை. ஏற்கெனவே போட்டிருக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் இன்னும் கூடும். மருந்துக் கடையில் வாயைத் திறந்ததும் "நான் வலிப்பு மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைக் கேட்பேன். கம்பெனி மாற்றிக் கொடுத்தால் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

இரவு

குளோபாஸம் போட்டுப் படுத்தால் பக்கத்தில் பிள்ளை அழுதாலும் எனக்கு உடனே கேட்காது. அதனால் தம்பி அப்பா பக்கம். நைட் ஷிஃப்ட் வாரத்தில் மாமியார் கட்டாயம் எங்கள் வீட்டில் இருக்கும்படி முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறோம். கைக்குழந்தை இருந்தால் ஒரே படுக்கையில் பக்கத்தில் போட்டுத் தூங்காதீர்கள். மாத்திரைத் தூக்கத்தில் கை மேலே விழுந்தாலும் தெரியாது. அதே அறையில், தனியாக, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடி அசந்துபோவது இன்னும் ஆபத்து. தரையில் சுவரில் சாய்ந்து கொடுங்கள். முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் விழித்திருந்தால் நிம்மதி.

பால் கொடுப்பவர்கள் மாத்திரை பாலில் எவ்வளவு போகும் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்கினால், சப்பிக் குடிக்காமல் சோர்ந்தால், எடை ஏறாமல் இருந்தால் அன்றே காட்டுங்கள்.

யாரிடம் சொல்வது

வலிப்பை மறைத்துத்தான் பல வீடுகளில் வாழ்க்கை ஓடுகிறது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், ஆனால் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் வரக்கூடிய ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு எதிர்வீட்டு அக்கா. "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. நான் கேட்டது இது: "அக்கா, ஒன்பதரைக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க. நான் திருப்பிக் கூப்பிடலைன்னா வந்து கதவைத் தட்டுங்க." வாசல் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. தாங்க முடியாத நாளில் தம்பியைப் பத்துவரை அவரிடமே விட்டுவிடுவேன். மாலையில் அவருடைய பிள்ளைக்கு வீட்டுப்பாடம் நான் சொல்லித் தருகிறேன். அதனால் கேட்பதில் எனக்குத் தயக்கமும் இல்லை.

பாப்பாவுக்கு நான்கரை வயது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது: அம்மா தூங்கினால் கூப்பிடு, எழவில்லை என்றால் தோளைத் தட்டு, அப்பவும் எழவில்லை என்றால் ஜன்னலில் நின்று "பெரியம்மா" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்து. விடுமுறை நாளில் விளையாட்டாக அதைச் செய்து பார்ப்போம். தம்பியைப் பார்த்துக்கொள் என்று மட்டும் அவளிடம் சொல்வதில்லை. அவளும் குழந்தைதான்.

பகலில் எனக்குக் கிடைக்கும் தூக்கம் தம்பி தூங்கும் பன்னிரண்டரைக்கு. போனில் அலாரம் வைத்து அரை மணி நேரம் மட்டும். அதற்கு மேல் போனால் எழும்போது தலை இன்னும் கனக்கும். பாத்திரம் அப்படியே கிடக்கட்டும். காபி காலையில் ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று. மதியம் இரண்டுக்கு மேல் குடித்தால் இரவுத் தூக்கம் கெட்டுவிடுகிறது.

லெவெடிரசெட்டம் சாப்பிடும் சிலருக்குத் தூக்கத்தோடு சிடுசிடுப்பும் வரும். பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் கோபம் பொங்கும். உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டு இருக்காதீர்கள், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்ற வழி உண்டு. உயிரை விடலாமா என்ற எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

வாய் குழறினால், நடை தள்ளாடினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், வாந்தியோடு மந்தம் கூடினால் அன்றே டாக்டரைப் பாருங்கள். எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிவிட்டது, வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை என்றால் உடனே 108. இதை ஒரு தாளில் எழுதி, என் மாத்திரைப் பெயர்களோடும் கணவர் நம்பரோடும் அந்தக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அக்காவுக்கும் மாமியாருக்கும் அதை ஒருமுறை படித்துக் காட்டியாயிற்று.

தம்பிக்கு இரண்டு வயது முடிந்ததும் தெருமுனை பால்வாடியில் சேர்க்கிறோம். டீச்சரிடம் இப்போதே பேசிவைத்துவிட்டேன். அதுவரை காலை எட்டிலிருந்து பத்துவரை முன்னறைதான்.